வாசகர் கேள்வி–பதில்: பியானோவும் நம் வீடுகளும்

பியானோ பற்றி எதுவும் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரீட்சை பற்றித்தான் கேட்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்கு ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். காலையில் என் சொந்தப் பயிற்சி, பின்னேரம் வெள்ளவத்தையில் வகுப்பு, சனி ஞாயிறில் எங்காவது வாசிப்பு என்று ஓடுகிற வாழ்க்கை என்னுடையது. அதிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பியானோவில் கிரேட் 2 சித்தி. கூடப் படிக்கும் பிள்ளை கிரேட் 3ஐ விட்டுவிட்டு நேரே கிரேட் 4 எடுக்கிறது. நாங்களும் அப்படிச் செய்யக் கேட்டோம், மிஸ் வேண்டாம் என்கிறார். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன் கிரேட் 5ஐ முடித்துவிட்டால் நல்லதல்லவா?
– ஒரு தாய், தெஹிவளை

உங்கள் மிஸ் சொல்வதுதான் சரி அம்மா. விதிப்படி தடையில்லை என்பது உண்மை. ரோயல் ஸ்கூல்ஸ் பரீட்சை என்று நாம் சொல்லும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். பரீட்சையில் கிரேட் 1 செய்யாமலே கிரேட் 5க்குத் தோற்றலாம். கிரேட் 6க்குப் போகும்போதுதான் நிபந்தனை வருகிறது. இசைக் கோட்பாட்டைக் கேட்கும் கிரேட் 5 தியரியிலோ அதற்குச் சமமான ஒன்றிலோ முதலில் சித்தியடைந்திருக்க வேண்டும். இன்னொரு சபையான டிரினிட்டியின் பரீட்சையில் அந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் விதி விட்டாலும் பிள்ளையின் கை விட வேண்டுமே.

ரோயல் ஸ்கூல்ஸில் புள்ளி போடும் முறையைப் பாருங்கள். பரீட்சகர் முன்னால் போய் வாசிக்கும் பரீட்சைக்கு மொத்தம் 150 புள்ளி. பீஸ் என்று நாம் சொல்லும் இசை உருப்படி மூன்றுக்கு முப்பது முப்பதாக 90. மிச்சம் 60 புள்ளியும் வேறு மூன்று விஷயங்களுக்கு: சுர வரிசையை ஏறி இறங்கி வாசிக்கும் ஸ்கேல், முன்பின் பார்க்காத தாளை அந்த இடத்திலேயே வாசிக்கும் சைட் ரீடிங், காதால் கேட்டுப் பதில் சொல்வது. சித்திக்கு 100 வேண்டும். தரம் பாய்கிற பிள்ளைக்கு இந்த மூன்றுக்கும் நேரம் கிடைப்பதில்லை. தன் மட்டத்துக்கு மேலான மூன்று பீஸை வருடம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்துப் பாடமாக்குவதிலேயே நாள் போய்விடும். பீஸில் நிறையப் புள்ளி எடுத்தால் மற்றவற்றில் குறைந்தாலும் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்துவிடலாம். சான்றிதழும் வரும்.

அப்படி வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கிரேட் 5 முடித்துவிட்டு என்னிடம் சேர்ந்தாள். பரீட்சைக்கு வாசித்ததை வாசிக்கச் சொன்னேன். அழகாக வாசித்தாள், கை நல்ல கை. பிறகு கிரேட் 1 மட்டத்தில் அவள் பார்த்திராத ஒரு பக்கத்தை முன்னால் வைத்தேன். முதல் சுரத்துக்கே கீழ்க்கோட்டில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணத் தொடங்கினாள். இடது கைப் பகுதிக்கு வரவே முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அவள் கெட்டிக்காரப் பிள்ளை. அவளுக்கு யாரும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, பரீட்சை செய்யத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஏனென்றால் இந்தப் பிள்ளைகள்தான் சாதாரண தரம் வந்ததும் பியானோவை மூடிவிட்டுப் பிறகு திறக்காமலே போகிறவர்கள். ஒரு புதுத் தாளைத் தானாக எடுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு, மிஸ் இல்லாத வீட்டில் பியானோவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

2020 இலிருந்து வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பும் இன்னொரு வகைப் பரீட்சையும் இருக்கிறது. நான்கு பீஸ் வாசித்தால் போதும். ஸ்கேல், சைட் ரீடிங் எதுவும் தனியாகக் கேட்கமாட்டார்கள். நல்ல பரீட்சைதான். ஆனால் ஏற்கெனவே சரளமாகத் தாள் வாசிக்கும் பிள்ளைகளை மட்டும்தான் நான் அதற்கு அனுப்புகிறேன்.

என் ஆலோசனை இது. கிரேட் 2க்கும் 3க்கும் இடையில் ஆறு மாதம் பரீட்சையே இல்லாமல் விடுங்கள். அந்த ஆறு மாதத்தில் கிரேட் 1, 2 மட்டத்திலேயே சின்னச் சின்னதாக நிறையப் பீஸ் வாசிக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒன்று முடிந்தாலும் போதும். தினமும் ஒரு புதுப் பக்கத்தில் நான்கு வரி, பிழை வந்தாலும் நிற்காமல். ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவுக்கோ விருந்தினருக்கோ ஒன்று வாசித்துக் காட்டட்டும். புலமைப்பரிசில் வருடத்தில் வகுப்பை நிறுத்திவிடவும் வேண்டாம். நாளுக்குப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கை மறக்காது.

மரைன் டிரைவ் பக்கம் தொடர்மாடியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். மகனுக்காகப் பழைய அப்ரைட் பியானோ ஒன்று பார்த்திருக்கிறோம். டிஜிட்டல் பியானோவை விட அதுதான் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

சுவரோரமாக நிமிர்ந்து நிற்கும் அப்ரைட், நல்லதாக இருந்தால் டிஜிட்டலை விட நல்லதுதான். சுத்தியல் கம்பியில் பட்டு, மரப்பலகை அதிர்ந்து வருகிற ஒலிக்கு ஈடில்லை. ஆனால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். பியானோவுக்கு இதைவிடக் கடினமான இடம் கொழும்பில் குறைவு.

பியானோவுக்குள் ஏறக்குறைய 230 உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை பதினைந்து தொன்னுக்கும் மேல். அதைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டகம். அந்தக் கம்பியில் உப்புக் காற்றுப் பட்டால் துரு. ஒலிப்பலகை மரம், அது ஈரத்தில் ஊதும். ஊதினால் கம்பி இன்னும் இழுபட்டுச் சுருதி ஏறும். ஏ.சி. போட்டால் காய்ந்து இறங்கும். இரவில் மட்டும் ஏ.சி. போட்டுப் பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கும் அறையில் எந்தப் பியானோவும் சுருதி நிற்காது. ஈரப்பதம் ஏறக்குறைய 50 வீதத்தில் நின்றால் பியானோவுக்கு நல்லது. கொழும்பில் பெரும்பாலான நாட்களில் 70க்கு மேல்தான்.

பார்க்கப் போகும்போது சுருதி சேர்க்கும் டியூனர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நீங்களும் சிலதைப் பார்க்கலாம். மேல் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தால் கம்பியின் நிறம் தெரியும். லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை, பொருக்காகத் துரு பிடித்திருந்தால் டியூன் செய்யும்போதே அறும். சுத்தியலின் கம்பளியில் கம்பி பதிந்த தடம் ஆழமாக வெட்டியிருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப் பலகையைக் கழற்றச் சொல்லிக் கறையான் மண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்துங்கள். பலமாக அடித்தால் எல்லாக் கட்டையும் சத்தம் போடும். மெதுவாக அழுத்தும்போது சத்தம் வராத கட்டை, அழுத்தியபின் எழும்பாத கட்டை, இவைதான் வருத்தம் சொல்லும். ஒட்டுகிற கட்டை பெரும்பாலும் ஈரத்தில் ஊதியதுதான், திருத்தலாம். ஆனால் கம்பியைச் சுற்றி இறுக்கும் டியூனிங் பின் மரத்தில் இறுகிப் பிடிக்காமல் தளர்ந்திருந்தால் வாங்கவேண்டாம். இன்று டியூன் செய்தால் அடுத்த கிழமை இறங்கிவிடும். வெள்ளைக்காரர் காலத்துப் பியானோ, தந்தக் கட்டை, மெழுகுதிரித் தண்டு என்று அழகு காட்டி விற்பவைகளில் இந்தக் குறை அதிகம்.

வாங்கினால் கடல் பக்கச் சுவரில் வைக்காதீர்கள், உள்சுவரில் வையுங்கள். முன்பு எல்லா வீட்டிலும் பியானோவின் கீழ்ப் பகுதிக்குள் ஒரு 25 வொட் பல்பைப் போட்டு ஈரத்தை விரட்டுவார்கள். இப்போது கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. பல்புக்கு அந்தச் சூடு இல்லை. பியானோவுக்கென்றே உள்ள சூட்டுத் தண்டை டியூனரிடம் சொல்லிப் பூட்டுவதுதான் பாதுகாப்பு. வருடத்துக்கு இரண்டு முறை டியூனிங் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியாது என்றால் டிஜிட்டல் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. 88 கட்டை, பாரமுள்ள சுத்தியல் கட்டை, அசையாத ஸ்டாண்ட், பெடல், இந்த நான்கும் இருக்கவேண்டும். 61 கட்டைக் கீபோர்ட்டில் தொடங்கிய பிள்ளைக்கு விரலில் பலம் வராது. டிஜிட்டலுக்குக் கரன்ட் வேண்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். 2022 இல் மின்வெட்டு நாளுக்குப் பத்து மணித்தியாலத்தைத் தாண்டிய நாட்களில் டிஜிட்டல் வைத்திருந்த என் மாணவர்கள் மேசையில் விரலடித்துப் பழகினார்கள். அப்ரைட் வைத்திருந்தவர்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்தார்கள். அந்த மாதங்களில்தான் சில பிள்ளைகள் இருட்டில் கட்டையைப் பார்க்காமல் வாசிக்கப் பழகினார்கள்.

பியானோவில் கர்நாடக இராகம் வாசிக்கலாமா? மகள் வாய்ப்பாட்டும் படிக்கிறாள்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

சுரம் வரும், கமகம் வராது. சுத்தியல் பட்ட பிறகு கம்பியின் சுருதியை அசைக்க வழியில்லை. வீணையில் கம்பியை இழுத்தும் வயலினில் விரலை வழுக்கியும் செய்வதை இங்கே செய்யவே முடியாது. அதனால் கமகமே உயிரான தோடியைப் பியானோவில் தேடாதீர்கள். சங்கராபரணத்தின் சுரங்கள் அப்படியே மேற்கத்தைய மேஜர் ஸ்கேல். கீரவாணி ஹார்மோனிக் மைனர். நடபைரவி நச்சுரல் மைனர். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்தைய மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்த நோட்டுஸ்வரங்கள் பியானோவில் மிக அழகாக உட்காரும். மகள் ஒன்றைப் பாட இன்னொரு பிள்ளை வாசிக்கட்டும். சங்கீத சபைப் பரீட்சையும் பியானோப் பரீட்சையும் ஒரே வருடத்தில் வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எனக்கு 23 வயது. கிரேட் 8 முடித்து டிப்ளோமாவுக்குப் படிக்கிறேன். பியானோ வாசித்தே வாழ ஆசை. வீட்டில் வங்கி வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். கொழும்பில் இதை நம்பி இறங்கலாமா, மிஸ்?
– ஓர் இளைஞர், பம்பலப்பிட்டி

இறங்கலாம் தம்பி. ஆனால் எதில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மேடைக் கச்சேரியை மட்டும் நம்பி கொழும்பில் எந்தப் பியானோக் கலைஞரும் வாழ்வதில்லை. இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா 1958 இலிருந்து இருக்கிறது. ஆனால் எந்த ஓர்கெஸ்ட்ராவிலும் வயலினுக்கு இருப்பது போல் பியானோவுக்கு நிரந்தர இருக்கை இல்லை. தனி வாத்தியம் ஓர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோ வரும்போதும் சில படைப்புகளுக்கும்தான் அழைப்பு வரும். தனிக் கச்சேரி வைத்தால் மண்டப வாடகை, பியானோ டியூனிங், அச்சடிப்பு எல்லாம் போக மிஞ்சுவது குறைவு. அதைக் காசுக்காக அல்ல, கை கூர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக வைக்கவேண்டும். மேடைக்கு வாசிக்காத ஆசிரியர் கொஞ்சக் காலத்தில் பிள்ளையின் பயத்தை மறந்துவிடுவார். நான் ஒவ்வொரு வருடமும் மேடையேறுவது அதற்காகத்தான்.

வருமானம் வகுப்பிலிருந்து வரும். பள்ளிக்கூடம் விடும் வரை உங்கள் காலை உங்களுக்குச் சொந்தம், அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டரையிலிருந்து இரவு ஏழரை வரை பிள்ளைகள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு எடுத்தால் கோடையில் இங்கே விடிய ஆறு மணி, ரொறன்ரோவில் முந்தின இரவு எட்டரை. ஒன்லைனில் சத்தம் பிந்தி வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். காசை வகுப்புக்கு வகுப்பு வாங்காமல் தவணைக்கு வாங்குங்கள். ஏப்ரலிலும் டிசம்பரிலும் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், உங்கள் வீட்டு வாடகைக்கு விடுமுறை இல்லை.

உங்களைத் தேடி வேலை வரவேண்டும் என்றால் ஒன்றைப் பழகுங்கள்: பிறருக்கு வாசிப்பது. வயலின், புல்லாங்குழல், வாய்ப்பாட்டு மாணவர்களுக்குப் பரீட்சையில் பக்கவாத்தியம் வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவுக்கு வேண்டும். பலே நடன வகுப்புக்கு வேண்டும். திருமணத்துக்கு மணமகள் உள்ளே வரும்போது வாசிக்க வேண்டும். அவர் வாசலில் சேலையைச் சரிசெய்ய நின்றுவிட்டால் அதே எட்டு வரியைத் தெரியாமல் இன்னொரு சுற்றுக் கொண்டுபோகவும், பீடத்தை அடைந்த இடத்தில் அழகாக முடிக்கவும் தெரியவேண்டும். பாடுபவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரைச் சுரம் இறக்கி வாசிக்கத் தெரியவேண்டும். தாளைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்த, நேரத்துக்கு வருகிற ஒருவருக்கு இந்த நகரத்தில் வேலை இல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை.

காசைப் பேசக் கூச்சப்படாதீர்கள். பாதி முற்பணம், மிச்சம் வாசித்த அன்றே. மண்டபத்தில் பியானோ இருக்கிறது என்று சொன்னால் முதல்நாள் போய்ப் பாருங்கள். ஒரு வரவேற்பு மண்டபத்தில் அருமையான பியானோ என்று சொல்லி என்னை அழைத்தார்கள். போனால் பெடல் தண்டே கழன்று கிடந்தது, மேலே பூச்சாடி. கம்பி நன்றாக இருந்ததால் பெடல் இல்லாமலே அன்று இரண்டு மணித்தியாலம் விரலாலேயே பிடித்து வாசித்தேன்.

வீட்டாருக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள். சட்டம் படித்துவிட்டு பியானோவுக்கு வந்தவர் லயனல் வென்ட். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்தார். பிற்காலத்தில் அவரைப் புகைப்படக் கலைஞராகத்தான் உலகம் அறிந்தது. 1953 இல் திறந்த, நாம் எல்லாரும் வாசிக்க ஆசைப்படும் அந்த அரங்குக்கு அவர் பெயர்தான். வங்கி வேலையை ஒரேயடியாகத் தள்ளவும் தேவையில்லை. அரைநாள் வேலை கிடைத்தால் இரண்டு வருடம் செய்யுங்கள், அதற்குள் இருபது மாணவர்கள் சேர்ந்துவிட்டால் அம்மா அப்பாவே விடச் சொல்வார்கள்.

வீட்டில் பிழையில்லாமல் வாசிக்கிறேன். மேடையில் நடுவில் மறந்துவிடுகிறது.
– உயர்தர மாணவி, கொழும்பு 6

முதலிலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாகப் பழகியிருப்பீர்கள். ஓட்டம் ஓரிடத்தில் அறுந்தால் கைக்கு வேறு வழி தெரியாது. பீஸை எட்டு ஒன்பது இடமாகப் பிரித்துப் பென்சிலால் இலக்கம் போடுங்கள். வீட்டில் யாரையாவது இலக்கம் சொல்லச் சொல்லி, எந்த இலக்கம் சொன்னாலும் அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இடது கையை மட்டும், பாதி வேகத்தில், தாள் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். அங்கே எங்கே தடுமாறுகிறதோ மேடையிலும் அங்கேதான் தடுமாறும். மேடையில் மறந்தால் திரும்பிப் போகவேண்டாம், அடுத்த இலக்கத்துக்குத் தாவுங்கள். பரீட்சகரைத் தவிரப் பலருக்குத் தெரியவே வராது.

இன்னொன்று. வயலின்காரர் தன் வயலினோடு வருவார், நமக்கு அங்கே இருக்கும் பியானோதான். கதிரை உயரத்தைச் சரிசெய்யாமல் முதல் சுரத்தை வைக்காதீர்கள். அரைநிமிடம் எடுத்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள். நம் அரங்குகளில் ஏ.சி. கடுமையாக இருக்கும், விரல் குளிர்ந்து விறைக்கும். ஒரு போத்தல் சுடுதண்ணீரைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருங்கள்.

மேல்மாடிக்காரர் சத்தம் என்று முறையிடுகிறார்.
– வாசகர், வெள்ளவத்தை

பியானோவின் கீழே தடித்த ரப்பரும் கம்பளமும் போடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இரவு எட்டுக்குப் பிறகு நடு பெடலைப் பாவியுங்கள். பெரும்பாலான அப்ரைட்டில் அது சத்தத்தைக் குறைக்கும். முதலில் ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். யார் வாசிக்கிறார் என்று தெரிந்த பிறகு முறைப்பாடு குறைவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வயது 63. ஓய்வு பெற்றுவிட்டேன். சின்ன வயதில் பியானோ படிக்க ஆசை, வசதி இருக்கவில்லை. இப்போது தொடங்கினால் கேலியாக இருக்குமா?
– வாசகர், வத்தளை

ஐயா, உடனே தொடங்குங்கள். வயது வந்தவர்களுக்குப் பிள்ளைகளை விட ஒன்று அதிகம் இருக்கிறது: எதைக் கேட்க விரும்புகிறோம் என்பது தெரியும். விரல் மெதுவாகத்தான் பழகும், அது உண்மை. இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்வது முதல் மூன்று மாதம் கடினமாக இருக்கும். நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கவேண்டாம், விரல் மூட்டில் வலி வந்தால் நிறுத்துங்கள். பரீட்சை வேண்டாம் என்று ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியவர்களைக் காலை நேரத்தில் எடுக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். அந்த நேரத்தில் அவருக்கும் பிள்ளைகளின் அவசரம் இருக்காது. உங்கள் மனதில் நெடுநாளாக இருக்கும் பாட்டு எது என்று யோசித்து, பூசைப் பாட்டோ பழைய சினிமாப் பாட்டோ, அதன் பெயரை எழுதிக்கொண்டு முதல் வகுப்புக்குப் போங்கள். நல்ல ஆசிரியர் என்றால் இரண்டாவது மாதத்திலேயே அதன் முதல் வரியை வலது கையால் வாசிக்க வைப்பார்.